ஹெய்க்காவின் நிற்காத எஞ்சின்

வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில் பேச்சு என்பது ஊதாரித்தனம். வாயைத் திறந்தால் உடம்பின் சூடு வெளியே போய்விடும் என்ற கொள்கையில் நாங்கள் பரம்பரையாக உறுதியோடு நிற்கிறோம். ஒருவனுக்கு உதவி செய்தால் வெளியே சொல்லக் கூடாது, சொன்னால் தம்பட்டம். உதவி பெற்றவன் நன்றியும் சொல்லக் கூடாது. சொன்னால், உன்னிடம் இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று முகத்துக்கு நேரே திட்டியதாக அர்த்தம்.

இந்தப் பண்பாட்டின் உச்சம் பெட்ரோல் ஊற்றுவது. ஏரிக்கு அப்பால் இருக்கும் கலைமான் பட்டியில் பக்கத்துப் பனிவண்டியின் டாங்க் குறைந்திருப்பதைப் பார்த்தால், உன் கேனிலிருந்து அதை நிரப்பிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி போய்விட வேண்டும். இதில் எங்கள் ஊரின் மாமேதை வுல்லே. பிடிபடாமல் பெட்ரோல் ஊற்றுவதில் அவனை மிஞ்ச ஆளில்லை.

ஹெய்க்காவின் தம்பி மாத்தே ஏரி நடுவில் செத்த பிறகுதான் வுல்லேயின் தொண்டு தீவிரமானது. ஆனால் மாத்தே பெட்ரோல் தீர்ந்து சாகவில்லை. அவன் வண்டியில் எண்ணெய்க்குத் தனி டப்பா. அதிலிருந்து ஒரு சின்ன பம்பு எண்ணெயை எடுத்து எஞ்சினுக்குக் கொடுக்கும். அன்றைய குளிரில் எண்ணெய் கூழாகி, பம்பு முறுக்கிக்கொண்டு நின்றது. எஞ்சின் வறண்டு, பிஸ்டன் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மாத்தேயைக் கண்டுபிடித்தபோது அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே இருந்தான். சவ அடக்கத்தன்று ஊர் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசாமல் இருந்து, தன் துக்கத்தைத் தெரிவித்தது.

ஹெய்க்கா அந்த வண்டியையே இழுத்துவந்து கொட்டகையில் போட்டான். அவன் மனைவி ரிஸ்தீனா வாசலில் நின்று பார்த்தாள்.

"அந்தச் சனியனை எதுக்குய்யா வீட்டுக்குக் கொண்டாந்த?"

"சரி பண்ணப் போறேன்."

"உன் தம்பிய முழுங்குன வண்டி அது."

"அதனாலதான். இனிமே அது யாரையும் நடுவுல விடாது."

கோடை முழுவதும் அவன் கொட்டகையைவிட்டு வரவில்லை. ஊர் மீன் பிடித்தது, கொசு அடித்தது. ஹெய்க்கா எஞ்சினைக் கழற்றினான். சிலிண்டரைக் கடைந்து புதுப் பிஸ்டன் போட்டான், பழையதைவிடக் கெட்டியானது. சுழல் தண்டு முறுக்கிக்கொள்ளாமலிருக்க அதன் இணைப்புகளைப் பற்றவைத்தான். பேரிங் எல்லாவற்றையும் மாற்றினான். கடைசியாக, தம்பியைக் கொன்ற அந்த எண்ணெய்ப் பம்பைப் பிடுங்கி எறிந்துவிட்டு, அது இருந்த ஓட்டையை ஒரு அலுமினியத் தகட்டால் அடைத்தான். பம்பே இல்லையென்றால் பம்பு எப்படிக் கெடும்? இனி எண்ணெயைப் பெட்ரோலிலேயே கலந்து ஊற்ற வேண்டியதுதான். எண்ணெய் நீல நிறம், கலந்தால் பெட்ரோலும் நீலமாகும். வெறும் பெட்ரோல் உள்ளே போகக் கூடாது. போனால் எஞ்சின் வறண்டு செத்துப்போகும்.

"அப்ப மூடியில ஒரு சீட்டு எழுதி ஒட்டு," என்றாள் ரிஸ்தீனா.

"எதை எழுத?"

"எண்ணெய் கலந்ததுன்னு. வேற எதை? உன் வீரப் பிரதாபத்தையா?"

"பைத்தியமா உனக்கு? அதை ஒட்டுனா என்ன அர்த்தம்? எனக்கும் யாராவது ஊத்துவீங்கன்னு நான் காத்துக்கிட்டிருக்கேன்னு அர்த்தம். இல்லேன்னா, உங்க பெட்ரோல் எனக்கு ஆகாதுன்னு அர்த்தம். ரெண்டுமே கேவலம்."

யோசித்துப் பாருங்கள், அவன் சொன்னது சரிதான். எங்கள் ஊரில் வளர்ந்த எவனும் அந்தச் சீட்டை ஒட்டமாட்டான்.

வுல்லே ஒருநாள் காபி குடிக்க வந்தான். எங்கள் வழக்கப்படி காபிக்குள் பாலாடைக்கட்டித் துண்டுகளைப் போட்டுக்கொண்டு எஞ்சினைச் சுற்றிவந்தான்.

"உள்ள என்னடா பண்ணுன?"

"சும்மா, தூசி தட்டுனேன்."

"ஒரு கோடை பூரா தூசியா தட்டுன?"

"நிறைய தூசி."

"கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சுபோச்சாக்கும். ரொம்ப நோண்டாதடா. எஞ்சின்னா ஒருநாள் நிக்கத்தான் செய்யும்."

"இது நிக்காது."

ஹெய்க்கா தன் வாழ்நாளில் செய்த ஒரே தம்பட்டம் இந்த இரண்டு சொற்கள்தான்.

குளிர்காலம் வந்தது. எஞ்சின் நிற்கவில்லை. மற்றவர்கள் எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துத் தோள் கழன்றுகொண்டிருக்கும்போது, ஹெய்க்காவின் வண்டி முதல் இழுப்பிலேயே உறுமும். ஏரியைத் தாண்டும்போதெல்லாம், தம்பி உட்கார்ந்திருந்த இடத்தில் வேகத்தைக் கூட்டுவான். ரிஸ்தீனா ஜன்னலோரம் நின்று அந்தச் சத்தம் தேய்ந்து மறைவதைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்புக்குப் போவாள்.

எது யாருடையது என்று கலைமான்களைப் பிரிக்கும் வாரத்தில் எல்லோரும் பட்டியில் இருந்தோம். ஒருநாள் மதியம், சூரியன் வராமலே அன்றைய பகல் முடிந்துகொண்டிருந்தபோது, ஹெய்க்கா வெட்டிய இறைச்சியைச் சறுக்கு வண்டியில் ஏற்றி, தன் வண்டிக்குப் பின்னால் கட்டினான். டாங்கில் பாதிக்கு மேல் காலி. ஆனால் வீடு போகப் போதும். அதைக் கணக்குப் பண்ணிவிட்டுக் குடிசைக்குள் போய் ஒரு வாய் சூப் குடித்தான். அந்த ஒரு வாய்க்குள் வுல்லே தன் கடமையைச் செய்து முடித்துவிட்டான். டாங்க் மூடியில் இருந்த அளவுமானியின்மேல் உறைபனி. ஹெய்க்கா திரும்பிவந்து, துடைத்துப் பார்க்காமல் கிளம்பினான்.

ஏரிக்கரையில் ஆழமான பனி, பின்னால் பாரம். பாதி எண்ணெயில் எஞ்சின் பாதி ஏரிவரை தாக்குப்பிடித்தது. பிறகு ஒரு கிறீச்சிடல், அதோடு சரி. கயிற்றை இழுத்தான். கல்லில் கட்டிய கயிறு மாதிரி அது அசையவில்லை.

இந்த இடத்தில் புத்தியுள்ளவன் நடந்திருப்பான். ஹெய்க்கா நடக்கவில்லை. தன் வேலையில் எங்கே பிசகு என்று தெரியாமல் அவனால் அந்த இடத்தைவிட்டு நகர முடியவில்லை. கையுறையைக் கழற்றினான். ஸ்பார்க் பிளக்குகளைத் திருகி எடுத்து, நெற்றி விளக்கை உள்ளே காட்டினான். பிஸ்டனில் வறண்ட கீறல்கள். தம்பியின் எஞ்சினில் பார்த்த அதே கீறல்கள். எண்ணெய் எங்கே போனது? டாங்க் மூடியைத் திறந்தான். பாதிக்கு மேல் காலியாக இருந்தது, இப்போது கிட்டத்தட்ட விளிம்புவரை இருந்தது. இரண்டு கை விரல்களையும் உள்ளே விட்டுத் தேய்த்து, வெளிச்சத்தில் பார்த்தான். நீலம் செத்து வெளுத்திருந்தது, பிசுபிசுப்பே இல்லை.

பெட்ரோல் உறையாது. ஆனால் அந்தக் குளிரில் நனைந்த விரல்களை அது நெருப்பைவிட வேகமாகத் தின்னும். இது எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிசகு தன்னுடையதில்லை என்ற பதில் கிடைத்துவிட்டது. அதற்கு விலையாக இரண்டு கைகளின் விரல்கள்.

பிறகுதான் நடந்தான். மறுநாள் பட்டியிலிருந்து முதலில் கிளம்பிய வுல்லேதான் அவனைக் கரையோரம் கண்டான். தன் உடம்போடு சேர்த்துக் கட்டி, தன் தோல் சட்டையை அவன்மேல் போர்த்தி, ஊர் கொண்டுவந்து சேர்த்தான். வழியெல்லாம் அழுதானாம். நகரத்து ஆஸ்பத்திரியில் கட்டைவிரல்களை மட்டும் விட்டுவைத்தார்கள்.

வீடு திரும்பியதும் வுல்லே பார்க்க வந்தான். உலர்ந்த இறைச்சியைத் தானே சீவி அவன் வாயில் கொடுத்தான்.

"நான் அப்பவே சொன்னேன்ல. ரொம்ப நோண்டாதடான்னு."

"சொன்ன."

"கம்பெனிக்காரன் வச்சதை வச்ச மாதிரி விட்டிருந்தா..."

"ஆமா. என் வேலைதான் சரியில்ல."

வுல்லே போனதும் ரிஸ்தீனா வெடித்தாள். டாங்கைக் காலி செய்தது அவள்தான், வெளுத்த பெட்ரோலைப் பார்த்ததுமே அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏன்யா பொய் சொன்ன? ஊரே உன் எஞ்சினைப் பாத்துச் சிரிக்குது. ஊத்துனது அவன்!"

"சொன்னா என்ன ஆகும்?"

"அவனுக்குத் தெரியும்!"

"தெரிஞ்சா இனிமே எவன் வண்டிக்கும் ஊத்த மாட்டான். அப்புறம் ஒருத்தன் காலி டாங்கோட ஏரிக்குப் போவான். அவன் தாங்கவும் மாட்டான்."

எனவே ஊர் கூடித் தீர்ப்பளித்தது: ஹெய்க்கா நல்லவன், ஆனால் எஞ்சின் வேலை தெரியாதவன். பிறகு யாரும் அவனிடம் எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வுல்லே போன இலையுதிர்காலத்தில் மாரடைப்பில் போய்விட்டான். அதனால்தான் ரிஸ்தீனா இதை என்னிடம் சொன்னாள். அதனால்தான் நானும் எழுதுகிறேன்.

இன்னொன்றும் சொன்னாள். பிஸ்டன் இறுகிய அந்த வண்டி கொட்டகையில் அப்படியே கிடக்கிறது. அதைக் கழற்ற ஹெய்க்காவுக்கு விரல் இல்லை, வேறு யாரையும் தொடவிடவும் மனமில்லை. ஆனால் வுல்லே இருந்தவரை, ஒவ்வொரு குளிர்காலத் தொடக்கத்திலும், அவள் காலி செய்து வைத்த டாங்க் எப்படியோ விளிம்புவரை நிறைந்திருக்குமாம்.