பின்பெஞ்சில் கேட்ட செய்தி

அன்னபுஷ்பம் ஒரகடம் கம்பெனி ஒன்றில் ஹவுஸ்கீப்பிங். அவள் புருஷன் மரியஜோசப்புக்கு அங்கேயே தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பில் வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வருவது சிரமம் என்று சொல்லி, போன வருஷம் பக்கத்து ஊரான சிங்கப்பெருமாள் கோவிலில் ஒரு ரூம் எடுத்தார். அதோடு அவளும் மகளும் இருக்கும் வாலாஜாபாத் வீட்டுக்கு வருவது குறைந்தது. மாதா கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் உபதேசியார், "ஜோசப் எங்கம்மா?" என்பார். "ஓ.டி. ஐயா" என்பாள். ஓவர்டைம் என்றுதான் அவளும் நம்பினாள். சாயங்காலம் பஸ் ஏறுமுன் அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டுப் பையைக் கொடுத்துவிட்டுத்தான் போவாள்.

கேன்டீனில் புதன்கிழமைதோறும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் இங்கிலீஷ் கிளாஸ். ஆள் குறைவாக இருந்ததால் ஹவுஸ்கீப்பிங் பெண்களையும் உட்காரச் சொல்லியிருந்தார்கள். அன்று அவள் தரையைத் துடைத்துவிட்டுத் தாமதமாகத்தான் வந்தாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாள்.

டீச்சர் சத்யப்பிரியா சின்னப் பெண், வெளியிலிருந்து வருகிறவள். "ஸ்ப்ளிட் அப்" என்று போர்டில் எழுதினாள்.

"பஸ் ஏற ரெண்டு குரூப்பா பிரிவீங்க இல்ல, அதுக்கும் இதான். புருஷன் பொண்டாட்டி பிரிஞ்சு போறதுக்கும் இதான். ஆளுக்கு ஒரு சென்டென்ஸ் சொல்லுங்க."

முன்வரிசையிலிருந்து மரியஜோசப் எழுந்தார்.

"மை ஒய்ஃப் அண்ட் மீ ஸ்ப்ளிட் அப் லாஸ்ட் இயர்."

"மீ இல்ல, ஐ. மத்தபடி வெரி குட்! எல்லாரும் கைதட்டுங்க."

தட்டினார்கள். பக்கத்திலிருந்த சாம்சன்தான் பதறினான். "யோவ், உன் வூட்டுக்காரம்மா பின்னாடி குந்திகினு கீதுய்யா."

கைதட்டல் நின்றது. மரியஜோசப் திரும்பவில்லை.

போன வருஷம் என்றாரே. கிறிஸ்துமஸுக்கு வந்து பிரியாணி தின்று, கல்கலா பலகாரமும் கட்டிக்கொண்டு போனாரே, அதெல்லாம் பிரிந்த பிறகா? இத்தனை நாள் அவள் யாருக்குச் சோறு கட்டினாள்?

விஷயம் புரியாத டீச்சர், "அக்கா, நீங்க சொல்லுங்க" என்றாள்.

அன்னபுஷ்பம் எழுந்தாள். "எனுக்கு இன்னிக்குத்தாம்மா தெரியும்" என்று சொல்லி உட்கார்ந்தாள்.

சாயங்காலம் பஸ் பக்கத்தில் அவர் வந்து நின்றார்.

"அது சும்மா இங்கிலீஷுக்கு சொன்னது, புள்ள."

"அப்போ தமிழ்ல சொல்லு. நாம பிரியலன்னு சொல்லு."

டிரைவர் ஹாரன் அடித்தார். மரியஜோசப் சாப்பாட்டுப் பையை வாங்கக் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தார். ஆண்டவர் கொடுத்த சோறு வீணாகக் கூடாது என்று கொடுத்தாள்.

"பாத்திரத்த செக்யூரிட்டி கையில குட்த்துடு. நாளையிலருந்து சோறு இல்ல."

ஞாயிற்றுக்கிழமை உபதேசியாரே முந்திக்கொண்டார். "என்னம்மா, இன்னிக்கும் ஓ.டி.யா?"

"இல்லீங்க ஐயா. அவரு போய்ட்டாரு. போன வருஷமே."

கோயிலில் முழங்காலிட்டு ஜெபமாலையை எடுத்தாள். முதல் பத்து மணியும் எப்போதும் அவருக்கான ஜெபம். அன்று மகள் பேரைச் சொல்லி ஆரம்பித்தாள்.