சும்மார் சேட்டனின் நடு ஸ்பீக்கர்

எங்கள் குன்னங்குளத்தில் ரோசிலி சேச்சியின் முகத்தைத் தெரியாதவர்கள் கிடையாது, குரலைத் தெரிந்தவர்களும் கிடையாது. சர்ச்சில் எல்லோரும் பாடும்போது அவளுக்கு உதடு மட்டும் அசையும். எங்கள் வீட்டின் மூத்த மருமகள் அவள், இளைய மருமகள் நான், கொச்சுத்திரேசியா. நான் வாயைத் திறந்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும் என்பார் என் வீட்டுக்காரர். சொல்லிவிட்டுப் போகட்டும். ஒரு வீட்டில் ஒருத்தியாவது பேச வேண்டாமா?

சேச்சி சத்தம் போட்டது ஒரே ஒரு ஆளிடம்தான். அவள் புருஷன் சும்மார் சேட்டனிடம். அதுவும் மாமியாரும் மாமனாரும் போய்ச் சேர்ந்த பிறகு.

சேட்டன் பாதி ஆயுளைக் குவைத்தில் கழித்தவர். ஒரேயடியாகத் திரும்பி வந்தபோது தலையில் முடியில்லை, கையில், சத்தத்தை ஸ்பீக்கர்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஒரு ரிசீவர் இருந்தது. கன்றுக்குட்டி கனம் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டி. முன்னால் மூன்று ஸ்பீக்கர், சோபாவுக்குப் பின்னால் இரண்டு, மூலையில் ஒரு பேஸ் பெட்டி. வீட்டுக்கு யார் வந்தாலும் அதைக் காட்டி முடித்த பிறகுதான் சாயா வரும்.

"முதல்ல வால்யூமைக் குறை. குறைக்காம வேற எதையும் தொடாதே. இது டிவி, இது டிவிடி, இது டேப். எது ஓடுதோ அதுக்கு மாத்து. மாத்தாம உக்காந்துகிட்டு சத்தம் வரல, சத்தம் வரலன்னு என் உயிரை எடுக்காதே" என்பார். பிறகு டிவிக்குக் கீழே நீளமாகப் படுத்திருக்கும் நடு ஸ்பீக்கரைத் தட்டுவார். "மனுஷன் நேர்ல உக்காந்து பேசற பேச்செல்லாம் இதுல. மழை, காத்து, கூட்டம் எல்லாம் மத்ததுல." ஏதாவது படத்தில் மழைக் காட்சியைப் போடுவார். வந்தவர்கள் ஓடு ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள். அதில் மனுஷனுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

சமையலறையிலிருந்து சேச்சி கத்துவாள். "அந்தப் பிசாசைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா? காது போகுது எனக்கு!" அவர் குறைக்கவே மாட்டார். கடைசி நாளில் மட்டும் குறைத்தார். கத்தின உடனே சத்தம் அடங்கிவிட்டது. அட, இன்றைக்காவது சொன்ன பேச்சைக் கேட்டாரே என்று சேச்சிக்குச் சந்தோஷம். சாயாவோடு போனால், ரிமோட் கையில் இருக்கிறது, உயிர் இல்லை.

நாற்பத்தொன்றாம் நாள் பூசை முடிந்ததும் அவருடைய போட்டோவைப் பெரிதாகச் சட்டம் போட்டு வாங்கி வந்தார்கள். எங்கே வைப்பது? சேச்சிதான் சொன்னாள், டிவிக்குக் கீழே நடுவில் வைக்கலாம் என்று. அவருக்குப் பிடித்த இடம். அங்கே கிடந்த ஸ்பீக்கரின் வயரை உருவி, அதைத் துணியில் சுற்றிக் கட்டிலுக்கடியில் தள்ளினாள். போட்டோவுக்கு ஒரு சிவப்பு பல்பும் போட்டாயிற்று.

பிறகு ஒருநாள் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்யும்போது சேட்டன் அனுப்பிய ஒரு பழைய கேசட் சேச்சிக்குக் கிடைத்தது. அந்தக் காலத்தில் போன் ஏது? குவைத்தில் இருப்பவர்கள் கேசட்டில் பேசி, ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்து விடுவார்கள். இங்கே வீடே கூடி உட்கார்ந்து கேட்கும், பதிலும் கூடி உட்கார்ந்தே பேசி அனுப்பும். சேச்சி அப்போது புதுப்பெண். அந்தக் கேசட்டில் சேட்டன் முதலில் "ரோசிலி" என்று கூப்பிட்டாராம். கூடத்தில் இருந்தவர்களெல்லாம் ஓவென்று சிரித்தார்களாம். இவள் வெட்கத்தில் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"அதுக்கப்புறம் என்ன சொன்னார்னு எனக்குத் தெரியவே தெரியாது திரேசியா. கேக்கவும் வெக்கமா இருந்துச்சு. கேக்காமலே இத்தனை வருஷம் போயிடுச்சு."

டேப்புக்கு மாற்றி, கேசட்டைப் போட்டிருக்கிறாள். பேச்சே வரவில்லை. வால்யூமை முழுக்கத் திருகியும் வரவில்லை. ஆனால் சோபாவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவது மட்டும் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து தினமும் சந்தியா பிரார்த்தனை முடிந்ததும் அதைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். சாப்பாடு கிடையாது. ஆள் பாதியாக இளைத்துவிட்டாள். சார்ஜாவில் இருக்கும் மகன் ஷைஜு போனில் கத்தினான். "சித்தி, அந்தக் கருமத்தைப் பழைய சாமான்காரனுக்குப் போட்டுடுங்க. அம்மாவுக்குப் புத்தி பேதலிச்சிடும்." ஞாயிற்றுக்கிழமை ஆளை அனுப்புவதாகவும் சொன்னான்.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் நான் கொஞ்சம் மீன்குழம்போடு போனேன், இரண்டு திட்டுத் திட்டிச் சாப்பிட வைக்கலாம் என்று. சேச்சி என் கையைப் பிடித்து சோபாவில் உட்கார வைத்துக் கேசட்டை ஓடவிட்டாள்.

கர்த்தரே, இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எங்கோ பாத்திரம் உருளும் சத்தம். நாலைந்து ஆம்பிளைகள் ஒரு ஓரத்தில் சிரிக்கிறார்கள். நடுவில் ஒன்றுமே இல்லை. பிறகு சிரிப்பும் நின்றது. என் பின்கழுத்துக்குப் பக்கத்தில் 'ஸ்ஸ்' என்று நீளமாக ஒரு மூச்சு. திரும்பிப் பார்த்தால் சுவர்தான்.

"நிக்கிறார், பாத்தியா? பின்னாடிதான் நிக்கிறார். பேச மாட்டேங்கிறார். பிசாசுன்னு சொன்னேன்ல, அந்தக் கோவம்."

"சும்மா இருங்க சேச்சி!" என்று அதட்டினேன். "ஆயுசு பூரா வாய் ஓயாத மனுஷன் செத்ததும் ஊமையாயிடுவாரா?" பின்னால் பார்க்கப் பயந்து அவர் போட்டோவை முறைத்தேன். சிவப்பு வெளிச்சத்தில் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். போட்டோவுக்குப் பின்னாலிருந்து ஒரு வயர் நுனி எட்டிப் பார்த்தது, இரண்டு செம்புத் திரியோடு, எதிலும் மாட்டாமல். மனுஷன் பேசற பேச்செல்லாம் இதுல என்று அவர் தட்டிக் காட்டும் கை சட்டென்று ஞாபகத்துக்கு வந்தது.

"சேச்சி, இந்த இடத்துல இருந்த ஸ்பீக்கர் எங்கே?"

"கட்டிலுக்கடியில. ஏன்?"

"அட என் சேச்சியே! அவர் வாயைப் பிடுங்கிக் கட்டிலுக்கடியில போட்டுட்டு, பேசலைன்னு அழறீங்களா?"

நான் குனிந்து இழுத்து வந்தேன். ஆனால் அதை வைக்க இடமில்லை. போட்டோ இருந்தது. சேச்சி கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு போட்டோவை எடுத்து, மடியில் சாய்த்து வைத்துக்கொண்டாள். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று பார்த்து வயரைச் சொருகினேன். கேசட்டைப் பின்னால் சுற்றி முதலிலிருந்து ஓட்டினேன். வால்யூமைக் குறைக்காமல் எதையும் தொடாதே என்று படித்துப் படித்துச் சொன்னாரே, எனக்கு மறந்தே போனது.

"ரோசிலி!"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. தெருவில் நாய்கள் குரைத்தன. நான் ஓடிப்போய்க் குமிழைத் திருகிக் குறைத்தேன். சேட்டன் எங்களுக்கு எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. சின்ன வயசுக் குரல். பக்கத்தில் கூட்டாளிகளின் சிரிப்பு.

"சிரிக்காதீங்கடா. ரோசிலி, போன கேசட்ல எல்லாரும் பேசினீங்க. அம்மா பேசினா, அப்பன் பேசினார், பசுமாட்டைக்கூடக் கத்த வெச்சிருக்கீங்க. நீ ஒரு வார்த்தை பேசல. நான் தினமும் வேலை முடிஞ்சு வந்து அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேக்கறேன். எல்லாருக்கும் பின்னாடி ஒரு வளையல் சத்தம் கேக்குது. அது நீதானே? நின்னுகிட்டு இருந்தேதானே? உனக்கு என்மேல கோவமா?"

சேச்சியின் கை போட்டோச் சட்டத்தை இறுக்கிப் பிடித்தது. அந்தக் கையில் இப்போது வளையல் இல்லை.

"பேச வெக்கமா இருந்தா ஒண்ணு பண்ணு. இருமவாவது செய். நீ அங்கே இருக்கேன்னு எனக்குத் தெரிஞ்சா போதும். இப்ப நான் பேசாம இருக்கேன், பாரு. கேட்டுகிட்டே இருக்கேன்."

அவர் பேச்சை நிறுத்தினார். சோபாவுக்குப் பின்னால் அதே மூச்சு வந்தது. நான் சேச்சியின் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்க எனக்குத் தைரியமில்லை. நாடா ஓடிக்கொண்டே இருந்தது.

சேச்சி வாயில் பொத்தியிருந்த முந்தானையை எடுத்துவிட்டு, ஒரு தடவை இருமினாள்.