ரெட்ரெஞ்ச்மெண்ட்

சுருக்கெழுத்தில் ஒரு சௌகரியம் உண்டு. காதில் விழுந்த ஓசையைக் கோடாக இழுத்துவிட்டால் போதும். அர்த்தம் தெரிய வேண்டியதில்லை. யுத்தம் முடிந்த மறு வருஷம், பம்பாய்க் கோட்டைப் பகுதியில் இருந்த எங்கள் சப்ளை ஆபீசில் சூப்பிரண்டெண்ட் 'ரெட்ரெஞ்ச்மெண்ட்' என்று சொல்லச் சொல்ல நானும் கோடுதான் இழுத்தேன். டைப் அடிக்க உட்கார்ந்தபோதுதான் அகராதியைப் புரட்டினேன். ஆட்குறைப்பு என்று புரிந்தது. கூட வந்த பட்டியலில் பன்னிரண்டு பேர். ஏழாவது பெயர் என் அறைத்தோழனுடையது. மறுநாள் பதினோரு மணிக்குக் கவர் கைக்குப் போகும்வரை மூச்சு விடக்கூடாது என்று எனக்கு உத்தரவு.

இருவருமே பாலக்காட்டுப் பக்கம்; மாதுங்காவில் ஒரே அறை. காலை ரயிலில் எங்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒருவன் ஓர் இங்கிலீஷ் வார்த்தை கொடுப்பான். பைகுல்லா வருவதற்குள் மற்றவன் அர்த்தம் சொல்ல வேண்டும். போரிபந்தரில் இறங்குவதற்குள் வாக்கியம் அமைக்க வேண்டும். பெரும்பாலும் நான்தான் ஜெயிப்பேன். அதில் எனக்குக் கர்வமும் உண்டு.

மறுநாள் வார்த்தை கொடுக்கும் முறை என்னுடையது. அவன் சட்டைப்பையில் அப்பாவுக்கு எழுதிய கடிதம் இருந்தது. பெண் வீட்டாரிடம் சம்மதம் சொல்லிவிடுங்கள், தை மாதமே முகூர்த்தம் பார்க்கலாம் என்று எழுதியிருந்தான். பெண்ணின் தகப்பனார் கேட்டது ஒரே கேள்வி: வேலை பெர்மனெண்டா? எங்கள் ஜனங்கள் ஜாதகத்துக்கு அடுத்தபடி பார்ப்பது அதைத்தான். சீக்கிரம் ஆகிவிடும் என்று அதற்கும் பதில் எழுதியிருந்தான்.

"ரெட்ரெஞ்ச்மெண்ட்" என்றேன்.

பைகுல்லா தாண்டியது. "தெரியலைடா. நீயே சொல்லு."

சொன்னேன். வெட்டுவதைக் குறிக்கும் பிரெஞ்சு வார்த்தையிலிருந்து வந்தது. சிப்பாய்கள் வெட்டும் பதுங்கு குழியை 'டிரெஞ்ச்' என்பதற்கும் அதே வேர். இப்போது ஆபீசுகளில் ஆட்களைக் குறைப்பதற்குச் சொல்கிறார்கள். அட்சரம் பிசகாமல் ஒப்பித்துவிட்டு அவன் முகத்தைப் பார்த்தேன். இனிப் புரிந்துகொள்வது அவன் பாடு என்று நினைத்துக்கொண்டேன்.

அவன் தலையைத் தடவிக்கொண்டு, நேற்று நாவிதர் என் முடியை ரெட்ரெஞ்ச் செய்தார் என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம் சொன்னான். எதிர் இருக்கைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். போரிபந்தரில் இறங்கியதும் கடிதத்தைத் தபால் பெட்டியில் போட்டான். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். கையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாம்.

பதினோரு மணிக்குக் கவர் வந்தது. ஆபீஸ் கடிதம் எதுவானாலும் அடியில், இடது ஓரத்தில், டைப் அடித்தவனின் இனிஷியல் இருக்கும். அவன் அதையும் படித்துவிட்டு என் மேஜைக்கு வந்தான். குரலை உயர்த்தவில்லை.

"அர்த்தம் சொன்னே. எங்கேர்ந்து வந்ததுன்னும் சொன்னே. யாருக்குன்னு சொல்லலையேடா."

ஆபீஸ் ரகசியம் என்ற பதில் நாக்கு நுனியில் இருந்தது. ரகசியத்தையும் காப்பாற்றாமல் அவனையும் காப்பாற்றாமல் ரயிலில் கெட்டிக்காரத்தனம் காட்டியவன் அதை எந்த முகத்தோடு சொல்வது? வெட்கத்தில் என்னால் நிமிர முடியவில்லை.

அவன் ஒரு காகிதத்தை என் முன்னால் நகர்த்தினான். "அப்பா சம்மதம் சொல்றதுக்கு முந்தி தந்தி போய்ச் சேரணும். நோக்குத்தான் இங்கிலீஷ் நன்னா வருமே. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லி எழுதிக் கொடு."

எழுதிக் கொடுத்தேன். எல்லாம் சின்னச் சின்ன வார்த்தைகள்.