சடுகுடு மூச்சு

"...அதெல்லாம் மூச்சே இல்லீங்க கம்பவுண்டரே, திருட்டுங்க! உங்களெ ஏமாத்தறாரு!" என்று அக்கா கத்தினாள்.

வேலந்தாவளத்துக்குப் பக்கத்தில் எங்கள் நெற்களம். அங்கே கயிற்றுக் கட்டிலில் அவள் புருஷன், என் மச்சான், கிடந்தார். காலையில் வரப்பில் நல்ல பாம்பு கடித்திருந்தது. இமை இரண்டும் தொங்கிவிட்டன. பேச்சு மூக்கால் வந்தது. விஷம் நெஞ்சைக் கட்டிப்போட்டால்தான் ஆபத்து என்ற கம்பவுண்டர், ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்க்கச் சொன்னார். எண்ணிக்கை இறங்கினால் நெஞ்சு தளர்கிறது என்று அர்த்தமாம்.

சுற்றுவட்டாரத்தில் சடுகுடுவில் மச்சானை மிஞ்ச ஆளில்லை. "எண்ணறதுக்கு அவருக்குப் பொறுமை ஏதுங்க? சடுகுடு பாடச் சொல்லி நீங்க எண்ணிக்குங்க," என்றேன். சொன்னவன் நான்தான். இத்தனை வருஷமாகியும் அந்த வாயை நான் மன்னிக்கவில்லை.

பாடினார். முதலில் இருபது. அரை மணி கழித்தும் இருபது. "அட, மாப்பளெ இன்னொரு ஆட்டத்துக்கே வருவாரு போல!" என்று நின்றவர்கள் சிரித்தார்கள். கம்பவுண்டரும் வண்டியை மெதுவாகப் பூட்டலாம் என்றுவிட்டார். மருந்தோ பாலக்காட்டு ஆஸ்பத்திரியில்தான் இருந்தது.

பாட்டு அறாமலே மூக்கோரம் துளித்துளியாகக் காற்றை உறிஞ்சுவது மச்சானின் வித்தை. அக்காவிடம் மட்டும் சொல்லிப் பெருமையடித்திருக்கிறார். சாகக் கிடக்கும்போதும், நாலு பேர் பார்க்கத் தோற்க மனம் வரவில்லை அந்த மனுஷனுக்கு.

கத்தின கையோடு அக்கா அவர் மூக்கை இரண்டு விரலால் இறுகப் பிடித்தாள். "இப்பப் பாடுங்க, பாக்கலாம்."

"சடுகுடு, சடுகுடு, சடு..." அவ்வளவுதான். உதடு கறுத்துவிட்டது.

ஓடிப்போய் மாட்டைப் பூட்டினேன். வண்டியில் மச்சானைக் குப்புறப் போட்டு, குளத்தில் மூழ்கினவர்களுக்குச் செய்வதுபோல் கம்பவுண்டர் விலாவை அழுத்துவதும் விடுவதுமாக வந்தார். "மருந்து போடற வரைக்கும் இந்தக் கைதானுங்க இவருக்கு மூச்சு. நிறுத்தினா போச்சு."

கொழிஞ்சாம்பாறை தாண்டுவதற்குள் அந்தக் கை சளைக்க ஆரம்பித்தது. "முடியலீங்கம்மா..." என்றார்.

அக்கா சேலையை வரிந்து கட்டினாள். அவரைத் தோளால் நெட்டி ஒதுக்கிவிட்டு, மச்சானின் முதுகில் இரண்டு கையையும் ஊன்றி அழுத்தினாள்.