பெரட்டில் நின்றவர்

கனடாவில் ஓட்டத்தில் இல்லாத பஸ்கூட நெற்றியில் 'மன்னிக்கவும்' என்று எழுதிக்கொண்டுதான் போகிறது. வந்த புதிதில் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் அண்ணனைச் சுட்டுக் கொன்றவர்கள் இத்தனை வருஷத்தில் அந்த ஒரு சொல்லைச் சொன்னதில்லை, பாருங்கள்.

இலங்கையில் பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டம். தேயிலை மலையைத் துண்டுபோட்டு வெளியாருக்குக் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், ஒருநாள் காலை பெரட்டுக்கு வந்த சனம் மலை ஏறாமல் அங்கேயே நின்றுவிட்டது. வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பேர் கொடுப்பதைத்தான் பெரட்டு என்போம். அண்ணன் முன்வரிசையில் வெறுங்கையோடு நின்றான். பொலிஸ் சுட்டது. சுட்டுவிட்டு, 'கத்தியோடு ஊர்வலமாக வந்து தாக்கினார்கள்' என்றது. பத்திரிகைகளும் அப்படியே போட்டன. அன்றிலிருந்து அண்ணி ஒரே பேச்சில் நிற்கிறார்: அவர் ஊர்வலம் போகவில்லை, பெரட்டில் நின்றார்.

இந்த வருஷ நினைவு நாளுக்கு இங்குள்ள ஆங்கிலப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் வந்தாள். நல்ல பிள்ளை, கண் கலங்கத்தான் கேட்டாள், சுடும்போது அவர் எங்கே நின்றார் என்று. பெரட்டு வெள்ளைக்காரன் விட்டுப்போன சொல்தானே, அவர்களுக்கே திருப்பிக் கொடுப்போம் என்று மிடுக்காகச் சொன்னேன்: "பரேட்டில்."

"எதைக் கொண்டாடினீர்கள்?" என்றாள்.

"கொண்டாட்டமா? எங்களுக்கா?" என்று சிரித்தேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். மடையன்!

கட்டுரையில் அண்ணன் பரேட்டில், அதாவது இங்குள்ளவர்களுக்குக் கொண்டாட்ட ஊர்வலத்தில், செத்துப்போனான். ஊரில் ஒரு தமிழ்ச் செய்தித்தளம் அதை எடுத்து மொழிபெயர்த்து, 'ஊர்வலத்தில்தான் சென்றார்: பலியானவரின் தம்பி ஒப்புதல்' என்று தலைப்புப் போட்டது. வருஷம் முழுக்க எங்கள் லயத்து வீடுகள் பக்கம் எட்டிப் பார்க்காதவர்கள். அந்த ஒருநாள் மட்டும் எங்கிருந்தோ ஒரு மெழுகுவர்த்திப் படத்தைத் தேடிப் பிடித்துப் போடுவார்கள். தோட்டத்தில் ஒரு ஆளைக் கேட்டிருக்கலாமே! பொலிஸுக்கு இதுவரை கிடைக்காத சாட்சியை நானே கொடுத்துவிட்டேன்.

ஊரிலிருந்து அண்ணி போன் கோல் எடுத்தார்.

"தம்பி, நீங்களுமா ஊர்வலம்னு சொன்னீங்க?"

"இல்லண்ணி, பெரட்டுன்னுதான் சொன்னேன். இங்க அதுக்கு அர்த்தம் வேற."

"பெரட்டுக்கு என்னப்பா வேற அர்த்தம்?"

விளக்கினேன். ஆங்கிலப் பத்திரிகை திருத்திவிட்டது, தமிழ்த்தளம்தான் பதிலே போடவில்லை என்றேன்.  அண்ணி கோபமில்லாமல்தான் சொன்னார்:

"சரி தம்பி. இனிமே யாராச்சும் கேட்டா நீங்க ஒன்னும் சொல்லாதீங்க. நாங்க சொல்லிக்கிறோம்."

'நாங்க' என்றார். 'நாம' என்று அவர் வாயில் வரவில்லை.