ஆள் பலமில்லாத கோயில் நிலம்

கல்யாணமாகிப் புனேவுக்குப் போகும் முன் என் மகள் என்னுடைய கைப்பேசியில் ஒரு விளையாட்டைப் போட்டுக் கொடுத்தாள். காடும் மலையும் ஆறுமாக ஒரு உலகம். அதில் மண்ணை வெட்டலாம், கல் அடுக்கி வீடு கட்டலாம், நெல் விதைக்கலாம். முகம் தெரியாத பலரும் அதே உலகத்தில் நடமாடுவார்கள். "தினம் போன் பண்ணி என்ன சாப்ட்ட, என்ன சாப்ட்டன்னு கேக்கறதுக்குப் பதிலா இங்க வாப்பா, சேந்து ஏதாவது கட்டலாம்" என்றாள்.

தி. நகர் ஜவுளிக்கடை ஒன்றில் புடவை விரித்து மடிக்கிறவன் நான். படிப்பு பத்தாவதோடு சரி. மகள், மருமகன், கடையில் என்னோடு நிற்கும் இரண்டு பேர், நான் என்று ஐந்து பேர் ஒரு குழுவாகச் சேர்ந்தோம். வேறு என்ன கட்டத் தெரியும் எனக்கு? கோயில் கட்டினோம். கோபுரம், பிராகாரம், எதிரே படி வைத்த குளம்.

அந்த உலகத்தை நடத்துகிறவர் ஒரு சட்டம் வைத்திருந்தார். ஆளுக்கு இவ்வளவு நிலம் என்று கணக்கு. குழுவில் எத்தனை தலையோ அத்தனைக்குத்தான் காவல்; காவலுக்குள் அயலார் ஒரு கல்லை அசைக்க முடியாது. எட்டுப் பேருக்கு மேல் ஒரு குழுவில் சேரவும் கூடாது, இல்லையென்றால் பெரிய கூட்டம் எல்லாவற்றையும் வளைத்துவிடும். எட்டிப் பார்க்காதவர் தலை கணக்கில் வராது, இல்லையென்றால் வெறும் பேரை எழுதி வைத்தே நிலம் சேர்ப்பார்கள். நியாயமான சட்டம்தான். எனக்குச் சாதகமாக இருந்தவரை கடையில் அதை நானே புகழ்ந்து பேசியிருக்கிறேன். எங்கள் குளம் இருந்த இடமே முன்பு யாரோ தனி ஆளின் கரும்புத் தோட்டம். அவர் வராமல் போனார், காவல் விலகியது, நாங்கள் கரும்பை வெட்டிவிட்டுக் குளம் தோண்டினோம். அவர் யார் என்று ஒரு நாளும் நான் யோசித்ததில்லை.

பிறகு மகள் உண்டானாள். மசக்கையில் அவளுக்குத் தலை தூக்க முடியவில்லை. மருமகனும் அவளைக் கவனித்துக்கொண்டு இந்தப் பக்கம் வரவில்லை. கடையில் என்னோடு நிற்கிற இருவருக்கும் அலுத்துவிட்டது. நான் ஒரு தலைதான் மிச்சம். வருகிற ஞாயிற்றுக்கிழமை கணக்குப் பார்க்கும்போது கோயிலில் பாதியும் குளமும் காவலுக்கு வெளியே போய்விடும் என்று அறிவிப்பு வந்தது. பக்கத்து நிலத்துக் குழு முழு எட்டுப் பேர். அவர்களில் ஒருவர், குளத்தை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம், உங்களுக்கு ஆட்சேபம் இல்லையே என்று மரியாதையாகத்தான் கேட்டிருந்தார். அது நானும் மகளும் கட்டினது.

மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை பஜனை நடக்கும். அதற்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. அதில் எழுதினேன்: "நம்ம கோயில் நிலத்தைப் பக்கத்துக் கூட்டம் வளைச்சுக்கப் போறாங்க. ஆள் பலம் இல்லை. ஞாயித்துக்கிழமைக்குள்ள இன்னும் மூணு பேர் சேந்தா காப்பாத்திடலாம். வர்றவங்க சொல்லுங்க."

விளையாட்டு என்று எழுதவில்லை. பேரப்பிள்ளை எடுக்கப் போகிறவன் கைப்பேசியில் கல் அடுக்குகிறான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமே என்று கூச்சம். வருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் தனியாக விளக்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

யாரும் பதில் போடவில்லை. நேரே வந்துவிட்டார்கள். மறுநாள் கடையிலிருந்து திரும்பினால் வாசல் முழுக்கச் செருப்பு. உள்ளே ஆர்மோனியம் வாசிக்கும் மாமா நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் பழைய பத்திரங்கள் பார்த்துப் பழக்கப்பட்டவர். மிருதங்கக்காரரும் அவர் சம்சாரமும் பாயில். தெருமுனையில் இஸ்திரி வண்டி வைத்திருக்கும் அம்மாள், பஜனையில் ஜால்ரா தட்டுகிறவர், வண்டியை மூடிவிட்டு வந்து கதவோரம் நின்றிருந்தார். விஷயம் தெரியாத என் மனைவி எல்லோருக்கும் காப்பி கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமா கேட்டார்: "பட்டா யார் பேர்ல இருக்கு? அறநிலையத்துறைக்கு எழுதியாச்சா?"

கைப்பேசியை எடுத்துக் கோயிலைக் காட்டினேன். விவரமும் சொன்னேன். சொல்லச் சொல்லக் குரல் எனக்கே கேட்காமல் போயிற்று. மனைவி தட்டோடு சமையலறைக்குள் போனவள் வெளியே வரவில்லை.

மாமாதான் பேசினார். "ஓய், இந்தக் கோயிலுக்கு எந்த பஸ்ல போறது?"

எல்லோரும் சிரித்தார்கள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். இஸ்திரி அம்மாள் சிரிக்கவில்லை. கைப்பேசியை வாங்கி முகத்தருகே வைத்துப் பார்த்தார்.

"அம்மா எங்கண்ணே குந்திகினு கீறா?"

இதில் சிலை செய்ய வராது, கருவறையில் விளக்கு மட்டும்தான் என்றேன்.

"வெளக்கு எரியுதுல்ல. போதும்" என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு கொடுத்தார்.

வந்தது வந்தாயிற்று, ஆள் கணக்குத்தானே என்று மாமா தன் கைப்பேசியை நீட்டினார். மிருதங்கக்காரரும் சம்சாரமும் நீட்டினார்கள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூவரையும் குழுவில் சேர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நிலம் நின்றது. மகளுக்குப் படம் அனுப்பினேன்; கும்பிடும் கை ஒன்று பதிலாக வந்தது.

திங்கட்கிழமை மனைவி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். உங்கள் செய்தியைக் கேட்ட அன்றே இஸ்திரி அம்மாள் அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாராம். கோயில் நிலம் தப்பித்தால் மண்சோறு சாப்பிடுகிறேன் என்று. இலை, தட்டு எதுவும் இல்லாமல் கோயில் தரையில் சோற்றைப் போட்டுச் சாப்பிடுகிற நேர்த்திக்கடன் அது. பிள்ளை பிழைக்கவும் தாலி நிலைக்கவும் வேண்டிக்கொள்வது.

அப்போதே ஓடினேன். அவர் ஒரு சட்டையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். அது நிஜக் கோயில் இல்லையே அம்மா, அந்த வேண்டுதல் செல்லாது, என் புத்தி கெட்டுப் போய் எழுதினேன் என்றேன். வேண்டுமானால் நான் மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்றும் சொன்னேன்.

பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். கோபம் இல்லை.

"நெலம் தப்பிச்சா துன்றேன்னு சொன்னேன். தப்பிச்சிச்சு. அது போனுல கீதா பூமில கீதான்னு நானும் சொல்லல, அவளும் கேக்கல. குட்த்த வாக்கு நெசந்தானேண்ணே? நீ நவுரு, துணி காயுது."

வெள்ளிக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுத் தெருக்கோடி அம்மன் கோயிலுக்குப் போனேன். அவர் தரையைக் கழுவித் துடைத்து, மஞ்சள் நீர் தெளித்து, சோற்றை வெறும் கல்லில் கொட்டினார். நானும் பக்கத்தில் உட்காரப் போனேன். இது என் கடன், உனக்கு இதில் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டார். ஏதாவது செய்தே தீர வேண்டும் என்றால் தண்ணீர்ச் சொம்பைப் பிடித்துக்கொண்டு நில் என்றார். நின்றேன். அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வாயாலேயே சாப்பிட்டார். நெற்றியில் பருக்கை ஒட்டியிருந்தது. நான் கும்பிடவும் முடியாமல், வேறு பக்கம் பார்க்கவும் முடியாமல் இருந்தேன்.

சாமி கும்பிட வந்த ஒரு பெண் நின்று, எதற்காக வேண்டுதல் என்று கேட்டாள். இஸ்திரி அம்மாள் தலையைத் தூக்காமல் சொன்னார்: "ஒரு கோயிலு நெலம் போவ இருந்திச்சு. ஆத்தா காப்பாத்திட்டா."

அந்தப் பெண் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு என் பக்கம் திரும்பி, "எந்த ஊர்க் கோயில் சார்?" என்றாள்.

நான் சொன்னேன். எந்த ஊரிலும் இல்லை, கைப்பேசியில் நான் விளையாடுகிற இடத்தில் இருக்கிறது, நான் பொய்யாக எழுதியதை நம்பி இவர் வேண்டிக்கொண்டார் என்று முழுவதும் சொன்னேன். குருக்களுக்கும் கேட்டிருக்கும். அவள் சிரிப்பாள் அல்லது காறித் துப்புவாள் என்று காத்திருந்தேன்.

அவள் என் கையிலிருந்த சொம்பைத்தான் பார்த்தாள். "அவங்களுக்கு விக்குது பாருங்க சார். தண்ணி குடுங்க" என்றாள்.