ஒரே விலை வீடுகள்

ஜெயந்தி மேடத்தின் வேலையைப் பறித்தவள் நான்தான்.

அவர் விற்ற வீடுகளை என் கணக்கு விழுங்கிவிட்டது. விழுங்கியதை என் கண்ணாலேயே பார்த்தேன். அதன் பிறகும், “இந்தத் தொகை சரியா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டபோது, “சரிதான்” என்றேன்.

இதுவரை யாரிடமும் இதைச் சொன்னதில்லை. உங்களிடம் ஏன் சொல்கிறேன்? நீங்கள் என்னை அறியாதவர் என்பதாலா? என்னை அறிந்தவர்கள் எல்லோரும் என்னைப் பற்றிப் பெருமை பேசிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இதை எந்த வாயால் சொல்வேன்!

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிக்கூடத்துக்குப் போனவள் நான். அப்பாவும் அம்மாவும் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து தில்லிக்குப் பிழைக்க வந்தவர்கள். அப்பா மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா மயூர் விஹாரில் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் தேய்க்கிறாள். நாங்கள் இருப்பது பக்கத்திலேயே, திரிலோக்புரியில். மயூர் விஹார் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். எப்போதும் முதல் மதிப்பெண். பிறகு கல்லூரியில் கணினி. நான் கெட்டிக்காரி. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது... கிடையாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா வேலை செய்த வீடுகளில் ஒன்று ஜெயந்தி மேடத்தினுடையது. அவருடைய அப்பா தஞ்சாவூரிலிருந்து மத்திய அரசு வேலைக்கு வந்தவர். மேடம் பிறந்து வளர்ந்தது எல்லாம் இங்கேதான். தமிழ் பேசுவார், பாதி இந்தியோடு. படிக்க வராது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் அம்மாவிடம் சொல்லி என்னை வரவழைத்துப் படித்துச் சொல்லச் சொல்வார். படித்து முடித்ததும், “அச்சா, முகூர்த்தம் காலையிலயா? அப்ப நான் வரல” என்று சிரிப்பார்.

வீடுகளைக் கட்டி விற்கும் ஒரு பெரிய நிறுவனத்தில் அவர் விற்பனைப் பிரிவில் இருந்தார். என் படிப்பு முடிந்ததும் விவரங்களைக் கையோடு வாங்கிக்கொண்டு போய் மேலாளரிடம் கொடுத்தவர் அவர்தான். எனக்கு வேலை கிடைத்தது. நேரு ப்ளேஸில், குளிரூட்டிய அலுவலகத்தில், எனக்கென்று ஒரு மேசை!

அதோடு விட்டிருந்தால் அவரை நான் கும்பிட்டிருப்பேன். ஆனால் அவர் தலைமை அலுவலகத்துக்கு வரும்போதெல்லாம் என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோரிடமும் சொல்வார்: “இவ எங்க வீட்டு வசந்தியோட பொண்ணு. நான்தான் கொண்டுவந்தேன்.” வசந்தி யார் என்று கேட்பார்கள். அதையும் சொல்வார். அவர் குரலில் துளிக் கேலி இருக்காது. அவருக்கு உண்மையிலேயே பெருமை. எனக்கோ, சாப்பாட்டுக் கூடத்தில் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது முகம் எரியும்.

இதை ஏன் சொல்கிறேன்? நான் செய்ததற்கு இது காரணமா, சாக்கா? எனக்கே இன்னும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை...

என் வேலையைச் சொல்கிறேன். பயப்படாதீர்கள், எளிமையானதுதான். நிறுவனம் பல நகரங்களில் பல ஆண்டுகளாக விற்ற வீடுகள் எல்லாம் ஒரு தரவுத்தளத்தில் இருந்தன. பல லட்சம் வரிகள். விற்பனையாளர் ஒவ்வொருவரும் மாதந்தோறும் எவ்வளவுக்கு விற்றார் என்று கூட்டிச் சொல்ல வேண்டும். பழைய நிரல் அதைச் செய்ய அவ்வளவு நேரம் எடுத்தது. மேலாளர் பொத்தானை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போவார். திரும்பி வரும்போதும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

இன்னொரு தொல்லையும் இருந்தது. தில்லியில் மனைவி பெயரைச் சேர்த்துப் பதிவு செய்தால் பத்திரச் செலவு குறையும். அதனால் பெரும்பாலான வீடுகளுக்குக் கணவன், மனைவி என்று இரண்டு உரிமையாளர்கள். அறிக்கையில் உரிமையாளர் பெயர்களும் வர வேண்டும். அவற்றைச் சேர்த்துக் கூட்டினால் ஒரே வீடு இரண்டு வரிகளாகி, விலையும் இரண்டு முறை கூடிவிடும். யாராவது உட்கார்ந்து கையால் அதைக் களைய வேண்டும்.

சரியான வழி எனக்குத் தெரியும். கல்லூரியிலேயே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் தனி எண் உண்டு. முதலில் அந்த எண்ணை வைத்து வீடுகளைக் கூட்டிவிட்டு, உரிமையாளர்களைப் பிறகு சேர்க்க வேண்டும். செய்து பார்த்தேன். ஓடியது, ஆனால் நான் ஆசைப்பட்ட வேகத்தில் ஓடவில்லை. பழைய அமைப்பில் நிறைய மாற்ற வேண்டியிருந்தது. மேலாளரோ, கைப்பேசியில் தொட்டதும் தொகை வர வேண்டும் என்றார்.

அப்போதுதான் அந்தக் குறுக்கு வழி தோன்றியது. ஒரே தொகை மறுபடியும் வந்தால் அதை விட்டுவிடு, வேறு வேறு தொகைகளை மட்டும் கூட்டு என்று கணினிக்குச் சொல்லிவிட்டால்? கணவன் வரியிலும் மனைவி வரியிலும் ஒரே தொகைதானே இருக்கும். ஒன்று நிற்கும், மற்றது போய்விடும். ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்!

சேர்த்தேன். கண் இமைப்பதற்குள் தொகை வந்தது.

சோதித்துப் பார்க்காமல் விட்டேன் என்று நினைக்காதீர்கள். குர்காவ்ன் கோபுர வீடுகளை வைத்துச் சோதித்தேன். கணக்குப் பிரிவின் தொகையோடு ஒரு ரூபாய்கூடப் பிசகாமல் பொருந்தியது. ஏன் பொருந்தாது? அங்கே பூங்கா தெரிகிற வீட்டுக்கு ஒரு விலை, சாலை தெரிகிற வீட்டுக்கு ஒரு விலை. அதற்கு மேல் பேரம். எந்த இரண்டு வீடும் ஒரே விலைக்குப் போவதில்லை.

தில்லியின் வடக்கு ஓரத்தில், நரேலா பக்கம் நான் சோதிக்கவில்லை.

ஜெயந்தி மேடம் விற்றது அங்கேதான். ஓர் அறை வீடுகள். வாங்கியவர்கள் ஓட்டுநர்கள், காவலாளிகள், தையல்காரர்கள். தரைத்தளத்துக்கு ஒரு விலை, மேல்தளங்களுக்கு ஒரு விலை. பேரம் கிடையாது. ஒரு மாதத்தில் இருபது குடும்பங்களுக்கு அவர் இருபது வீடு விற்றாலும் என் கணக்குக்குத் தெரிந்தது இரண்டே வீடு.

எங்கள் திரிலோக்புரித் தெருவில் எல்லா மனைகளும் ஒரே அளவு. ஒரே விலைதான் சொல்வார்கள். அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்த எனக்கு அது தோன்றியிருக்க வேண்டாமா? சோதிக்க உட்கார்ந்தபோது என் கை ஏன் நேராகக் குர்காவ்னுக்குப் போனது?

மேலாளர் எல்லோரையும் அழைத்து என் வேலையைக் காட்டினார். கைதட்டினார்கள். அப்போது ஒருவர் எடுத்த படத்தை அம்மாவுக்கு அனுப்பினேன். அம்மா அதை வேலை செய்யும் வீடுகளில் எல்லாம் காட்டினாளாம்.

பிறகு வருடக் கூட்டம். சுவரில் பெரிய திரை. அதில் விற்பனையாளர் பெயர்களும் தொகைகளும், மேலிருந்து கீழாக. ஜெயந்தி மேடத்தின் பெயர் கடைசியில் இருந்தது. கடைசிக்கு முந்தைய பெயருக்கும் அவருக்கும் நடுவே பெரும் பள்ளம்.

அவர் முதலில் சிரித்தார். “அரே, இது யாரோட தொகை?” என்றார். அவருக்குக் கணக்கு வராது. வீட்டைக் காட்டுவார், ஆட்களோடு உட்கார்ந்து பேசுவார், கடன் வாங்க வங்கிக்கு அவர்களோடு போவார், காகிதங்களைக் கட்டாகக் கட்டி அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். எத்தனை வீடு விற்றோம் என்று அவர் எண்ணி வைத்ததேயில்லை. இதைவிட அதிகம் இருக்க வேண்டும் என்று மட்டும் மேலாளரிடம் இந்தியில் சொன்னார். எத்தனை அதிகம் என்று மேலாளர் கேட்டதற்கு, நிறைய என்றார். மேலாளருக்கு நரேலா மீது முன்பே அலுப்பு. சின்ன வீடு, சின்ன லாபம் என்பார். அவர் என் பக்கம் திரும்பி, தொகை சரியா என்று கேட்டார்.

ஜெயந்தி மேடமும் திரும்பினார். மற்றவர்களுக்குப் புரியக் கூடாதென்று, மகளை அழைப்பதுபோல் அழைத்து, தமிழில் மெதுவாகச் சொன்னார்: “பேட்டா, ஒரு தடவை திருப்பிப் பாரேன். நான் அவ்ளோ மோசம் இல்லியே.”

பார்த்தேன். கைப்பேசியில் அவர் பெயரைத் தொட்டதும் மார்ச் மாதத் தொகை கண்ணில் பட்டது. தரைத்தள விலை ஒன்று, மேல்தள விலை ஒன்று. இரண்டும் கூட்டினால் வரும் தொகை! பிப்ரவரியும் அதே தொகை. ஜனவரியும் அதே. ஒரு நொடியில் புரிந்துவிட்டது.

அந்த நொடியில் என் மனதில் என்ன ஓடியது? கைதட்டல் ஓடியது. அம்மா காட்டிக்கொண்டு திரிந்த படம் ஓடியது. “வசந்தியோட பொண்ணு” என்ற சொல்லும் ஓடியது. இந்த அறையில், இத்தனை பேர் நடுவில், வசந்தியின் பெண் தப்பாகக் கூட்டிவிட்டாள் என்று நானே எழுந்து சொல்வதா?

“சரிதான் மேடம்,” என்றேன். மேலாளரிடம் இந்தியிலும் அதையே சொன்னேன்.

ஜெயந்தி மேடம் என்னைச் சந்தேகப்பட்டிருந்தால், ஒரு வார்த்தை கடிந்து பேசியிருந்தால், இன்று இதை இறக்கி வைக்க எனக்கு ஒரு மூலை கிடைத்திருக்கும். அவர் தலையை ஆட்டினார். “அச்சா... இவ போட்டதுன்னா சரியாத்தான் இருக்கும்,” என்றார். பிறகு அறைக்கே கேட்கும்படி இந்தியில், இந்தப் பெண் தப்பு செய்யமாட்டாள், எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும் என்றார்.

என் பொய்க்கு அவரே சாட்சி சொன்னார்!

வேலைநீக்கக் கடிதம் அன்றே வந்துவிடவில்லை. எனக்கு நாட்கள் இருந்தன. மேலாளரின் அறை என் மேசைக்கு எதிரே, கண்ணாடிக் கதவு. சொல்லலாம் என்று எழுந்திருப்பேன். தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து உட்காருவேன். நாளைக்கு, நாளைக்கு என்று... ஒரு நாள் ஜெயந்தி மேடத்தின் அலுவலக மின்னஞ்சல் முகவரி செயல்படவில்லை என்று திரை காட்டியது.

வீட்டில் அம்மா சொன்னாள்: “ஜெயந்தியம்மாவுக்கு வேலை போயிடுச்சாம். இனிமே நானே தேச்சுக்கறேன் வசந்தின்னு சொல்லிட்டாங்க. சொல்லும்போது என் மூஞ்சிய பாக்கல.” பிறகு, “நீ அங்கதான இருக்க மலரு. அவங்களுக்காக எதுனா பேசக் கூடாதா?” என்றாள்.

என்னால் என்ன முடியும் என்று எரிந்து விழுந்தேன்.

அதன் பிறகு நிரலைத் திருத்தினேன். வீட்டு எண்ணை வைத்துக் கூட்டும் சரியான வழி. இரண்டு நாள் முட்டி மோதியதில் அதுவும் போதிய வேகத்தில் ஓடியது. முன்பே அந்த இரண்டு நாளைச் செலவழித்திருந்தால்! யாரிடமும் சொல்லவில்லை. பழைய மாதங்களைத் தொடவில்லை.

அடுத்த அறிக்கையில் நரேலாவின் தொகை கிடுகிடுவென்று ஏறியிருந்தது. அங்கே புதிதாக வந்திருந்த இளைஞனை மேலாளர் எழுந்து நிற்கச் சொன்னார். ஆளை மாற்றினால் என்ன நடக்கும் பாருங்கள் என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இதுவரை சொன்னதற்கு நீங்கள் ஒருவேளை இரக்கப்படலாம். பயந்த பெண், கூட்டம், பதற்றம் என்று. கொஞ்சம் பொறுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஜெயந்தி மேடத்திடமிருந்து குரல் செய்தி வந்தது. வேறொரு நிறுவனத்தில் நேர்காணலாம். இதுவரை விற்ற தொகையைக் கேட்கிறார்களாம். “உன்கிட்ட கேக்க ஒரு மாதிரி இருக்கு பேட்டா. முடிஞ்சா மட்டும் அனுப்பு, போதும்.”

மதிய உணவு நேரத்தில், மேசையில் யாரும் இல்லாதபோது, அவர் பெயரைப் போட்டு ஓட்டினேன். சரியான தொகை வந்தது. எத்தனையோ குடும்பங்கள், அத்தனை வீடுகள். அந்த வருடம் தில்லி முழுவதிலும் அதிக வீடு விற்றவர் அவர்தான். பக்கத்திலேயே, நிறுவனத்தின் பழைய அறிக்கையில் இருந்த தொகையும் இருந்தது.

சரியானதை அனுப்பினால் அவர் கேட்பார். மேலாளர் கேட்பார். எனக்கு எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள்.

பழையதை அனுப்பினேன்.

அன்று என் எதிரே கூட்டமும் இல்லை, பெரிய திரையும் இல்லை, யாரும் என்னை யாருடைய பெண் என்றும் சொல்லவில்லை. அமைதியாக உட்கார்ந்து, யோசித்து, அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் அவருடைய பதில் வந்தது. “தேங்க்ஸ் பேட்டா. நான் என்னவோ நெறைய வித்த மாதிரியே நெனச்சிட்டிருந்தேன். வயசாகுதுல்ல, ஞாபகம் எல்லாம் தப்பு தப்பா இருக்கு. அம்மாவ கேட்டேன்னு சொல்லு.”

அதற்கு நான் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினேன்.

அந்த வேலை அவருக்குக் கிடைத்ததா? தெரியாது. நான் கேட்கவில்லை. அவர் விசாரித்ததையும் அம்மாவிடம் சொல்லவில்லை.

இதோ, இப்போது எல்லாவற்றையும் எழுதிவிட்டேன். ஆனால் இதிலும் என் புத்தியைப் பாருங்கள்... தமிழில் எழுதியிருக்கிறேன். ஜெயந்தி மேடத்துக்குத் தமிழ் படிக்க வராது. என் அம்மாவுக்கு எந்த மொழியும் படிக்க வராது. வேறு யாராவது படித்துச் சொன்னால் ஒழிய, நான் தீங்கு செய்த இருவருக்கும் இது எட்டாது. எழுத உட்காரும்போதே எனக்கு அது தெரியும்.

மேடத்துக்கு வந்த கல்யாணப் பத்திரிகைகளை எல்லாம் படித்துச் சொன்னவள் நான். இதையும் நான்தான் போய்ப் படிக்க வேண்டும்.

வேலைக்குப் போகும் மெட்ரோ தினமும் மயூர் விஹாரில் நிற்கிறது. நிலையத்திலிருந்து அவர் வீடு நடக்கிற தூரம். இன்று காலையும் கதவு திறந்தது. நான் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.